திறப்பு ஆரிட்ட இருக்கு?

ஓர்கன் பழகுவது மற்ற வாத்தியங்களைப் பழகுவது போல இல்லை. வயலின் எண்டால் வீட்டில வைச்சுப் பழகலாம். கீபோர்ட் எண்டால் ஹெட்போன் போட்டுக்கொண்டு நடுச்சாமத்திலயும் வாசிக்கலாம். குழாய் ஓர்கன் தேவாலயக் கட்டடத்தோடு சேர்ந்தது. பழக விரும்புகிறவர் அங்கேதான் போக வேண்டும். அதற்கு முதலில் கதவின் திறப்பு கிடைக்க வேண்டும். இங்கிலாந்தின் அங்கிலிக்கன் தேவாலய இசை மரபு இளம் ஓர்கன் கலைஞர்களை எப்படி உருவாக்குகிறது என்ற கேள்வியை இந்தத் திறப்பிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நாங்கள் நினைக்கிறோம்.

முதலில் நல்லதைச் சொல்லுவம். அந்த மரபு இளையவர்களை நம்புது. ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் கல்லூரிகளில் 'ஓர்கன் ஸ்கொலர்' எண்டொரு பொறுப்பு இருக்கு. அதைச் செய்கிறவர்கள் எங்கட வயசுக்காரர்தான். பட்டப்படிப்புப் படித்துக்கொண்டே கல்லூரிச் சிற்றாலய ஆராதனைகளுக்கு வாசிக்கிறார்கள். சில கல்லூரிகளில் பாடகர் குழுவை நடத்துவதும் அவர்கள்தான். பிழை விட்டால் முழுக் கோயிலுக்கும் கேட்கும். ஆனாலும் பொறுப்பை அவர்களிடமே விடுகிறார்கள்.

வேலையும் லேசானதில்லை. அங்கிலிக்கன் பொது ஜெபப்புத்தகம் 150 சங்கீதங்களையும் ஒரு மாதத்தின் காலை, மாலை ஆராதனைகளுக்குப் பங்கிட்டு வைத்திருக்கிறது. அவற்றைப் பாடும் மெட்டு மிகச் சின்னது. எளிய மெட்டொன்றில் மொத்தம் 10 கோர்ட்தான். ஆனால் வசனங்களோ ஒரே நீளமில்லை. ஒன்று நாலைந்து சொல்லில் முடியும், அடுத்தது இரண்டு வரிக்கு ஓடும். பாடுகிறவர்கள் எங்கே மூச்சு எடுப்பார்கள், எந்தச் சொல்லில் அழுத்துவார்கள் என்று கேட்டுக் கேட்டுத்தான் வாசிக்க வேண்டும். இது புத்தகம் பார்த்து வருகிற வித்தையில்லை. 1864இல் தொடங்கப்பட்ட ரோயல் கொலேஜ் ஒஃப் ஓர்கனிஸ்ட்ஸின் பரீட்சைகளும் ஒரு பாட்டை வேறு சுருதிக்கு மாற்றி வாசிக்கவும், அந்த இடத்திலேயே கற்பனையாக வாசிக்கவும் கேட்கின்றன. எல்லாவற்றுக்கும் தேவை ஓர்கனுக்கு முன்னால் இருக்கும் மணித்தியாலங்கள்.

அந்த மணித்தியாலங்கள் ஆருக்குக் கிடைத்தன? நூற்றாண்டுகளாக இந்தப் பாதை பெரும்பாலும் சிறுவர் பாடகர் குழுவிலிருந்துதான் தொடங்கியது. பேராலயத்தோடு சேர்ந்த பள்ளியில் படிக்கிற பெடியன் ஒவ்வொரு நாளும் ஓர்கனைக் கேட்டு வளர்வான், வாசிக்கிறவரையும் தெரிந்திருப்பான். குரல் உடைந்த பிறகு ஓர்கன் பக்கம் போவது அவனுக்கு அடுத்த படி. பெண்பிள்ளைகளுக்கு அந்த முதல் படியே இருக்கவில்லை. சோல்ஸ்பரி பேராலயம் பெண்பிள்ளைகளுக்கெனத் தனிப் பாடகர் குழுவை 1991இல்தான் தொடங்கியது. பிறகுதான் பல பேராலயங்கள் அந்த வழிக்கு வந்தன.

ஒக்ஸ்போர்டின் மொட்லின் கல்லூரியைப் பாருங்கோ. 1458இல் தொடங்கிய கல்லூரி. அதன் முதல் பெண் ஓர்கன் ஸ்கொலர் அனா லாப்வுட், 1995இல் பிறந்தவர். அங்கு பெண்கள் படிக்க வந்தது 1979இல். அதற்குப் பிறகும் 30 வருசத்துக்கு மேல் எடுத்திருக்கிறது. அதே லாப்வுட் 21 வயதில் கேம்பிரிட்ஜ் பெம்புரோக் கல்லூரியின் இசை இயக்குநரானார். அவருக்கு முதல் வந்திருக்கக்கூடிய எத்தனை பேரை நாங்கள் கேட்காமலே போனோம்?

"தகுதி உள்ளவை வந்தால் எடுப்பம்தானே" எண்டு சொல்லுவினம். தகுதி வானத்திலிருந்து விழாது. பழகினால்தான் வரும், திறப்பு கிடைத்தால்தான் பழகலாம். அதனால் பெரிய கல்லூரிகளின் புலமைப்பரிசில் மட்டும் போதாது. சாதாரண ஊர்த் தேவாலயங்கள் அரச பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கிழமையில் இரண்டு மணித்தியாலம் கதவைத் திறந்துவிட வேண்டும். சொல்லிக் கொடுக்கிறவருக்குச் சம்பளமும் கொடுக்க வேண்டும். ஆராதனைக்கு வருகிறவர்கள் குறைகிற காலத்தில் இதுக்கெல்லாம் ஏன் செலவு எண்டு கேட்கலாம். ஆனால் வாசிக்க ஆளில்லாமல் போனால் அந்தக் குழாய்கள் வெறும் அலங்காரம்தான்.

இது எங்களுக்குத் தூரத்துக் கதையுமில்லை. இலங்கைத் திருச்சபையும் அதே அங்கிலிக்கன் மரபுதான். கோயிலை விடுங்கோ, "பிள்ளையள் பழுதாக்கிப்போடுவினம்" எண்டு பூட்டி வைத்திருக்கிற வாத்தியங்கள் எங்கட பள்ளிக்கூடங்களிலும் இருக்கு. உங்கட இடத்தில் பூட்டிக் கிடக்கிறது எது? திறப்பு ஆரிட்ட இருக்கு எண்டு ஒருக்கா விசாரிச்சுப் பாருங்கோ.