இன்டர்ன் டைரி: மாஸ் பங்க் அன்னிக்கு எடுத்த அட்டெண்டன்ஸ்!

செகண்ட் இயர் லேப்ல ஜீனர் டயோடு எக்ஸ்பரிமென்ட் பண்ணியிருக்கீங்களா? நான் 'பண்ணி'யிருக்கேன். மீட்டர் ஒண்ணு காட்டுச்சு, தியரி வேற ஒண்ணு சொல்லுச்சு. நானும் பெஞ்ச் பார்ட்னரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பார்த்தோம். சீனியர் ரெக்கார்டைத் திறந்தோம். அதிலிருந்த ரீடிங்கில் அங்கங்கே ஒரு பாயின்ட் ஏத்தி, ஒரு பாயின்ட் இறக்கி அப்சர்வேஷன் நோட்டில் எழுதிட்டோம். கிராஃப் ஓவியம் மாதிரி வந்துச்சு. சார் கையெழுத்துப் போட்டு 'குட்'னு வேற எழுதினார்!

அந்த 'குட்'டுக்கு வட்டியோட கணக்குத் தீர்க்க வேண்டிய நாள் போன வாரம் வந்தது.

இப்போ நான் சர்வர் போர்டு செய்யும் ஒரு கம்பெனியில் இன்டர்ன். பேர் வேண்டாமே... ஸ்டைபண்ட் வரணும்! சர்வருக்குள்ளே ஒரு குட்டி கம்ப்யூட்டர் தனியா உட்கார்ந்திருக்கும். பிஎம்சின்னு பேரு. சர்வரை ஆன், ஆஃப் பண்றது, ஃபேன், சூடு எல்லாத்தையும் கவனிக்கிறதுன்னு ஹாஸ்டல் வார்டன் வேலை. எங்க போர்டில் அந்த வார்டன், தைவானைச் சேர்ந்த ஏஸ்பீட் கம்பெனியின் ஏஎஸ்டி2500 சிப். உள்ளே ஓடுறது நம்ம லினக்ஸ். மெயின் சர்வருக்கான ஃபர்ம்வேர் இருக்க வேண்டிய ஃப்ளாஷ் மெமரியையும் இந்த வார்டனால் படிக்க முடியும்.

டீம் லீட் அக்கா எனக்குக் கொடுத்த வேலை ஒரே வரி. "அந்த ஃப்ளாஷைப் படிக்கிறது ஆமை வேகத்துல இருக்கு. ஏன்னு பாருப்பா."

லாகைப் பார்த்தேன். டிரைவர் ஒரு வரி எழுதி வச்சிருந்தது. தமிழில் சொன்னா, 'அளந்து பார்க்கிற இடம் ரொம்பவே ஒரே மாதிரி இருக்கு. மெதுவான வேகத்திலேயே போறேன்.' எனக்கு ஒண்ணும் புரியலை. உங்களுக்குப் புரியணும்னா முதல்ல ஒரு கிளாஸ் ரூமுக்குள்ளே போகணும்.

நானோ செகண்டில் 'பிரசென்ட் சார்'

சார் அட்டெண்டன்ஸ் எடுக்கிறார். நம்பரைக் கூப்பிடறார், கடைசி பெஞ்சிலிருந்து 'பிரசென்ட் சார்' வருது, டிக் போடறார். மெதுவா கூப்பிட்டா பிரச்னை இல்லை. வேகமா கூப்பிட்டா? 32-ம் நம்பரின் 'பிரசென்ட்' காதில் விழும்போது சார் விரல் 33-ல் இருக்கும். 32 சொன்ன 'பிரசென்ட்' 33-க்குப் போயிடும். அடுத்தடுத்து எல்லாமே ஒரு இடம் தள்ளிப் போகும்.

ஃப்ளாஷ் சிப்பிலும் இதே கதைதான். கன்ட்ரோலர் கிளாக் அடிக்க அடிக்க, சிப் ஒவ்வொரு பிட்டா பதில் சொல்லும். 100 மெகாஹெர்ட்ஸில் ஒரு கிளாக்குக்கு 10 நானோ செகண்ட். சிப் கிளாக்கின் ஒரு விளிம்பில் பதிலை வெளியே விடும். சாதாரணமா அடுத்த விளிம்பில், அதாவது 5 நானோ செகண்டில், கன்ட்ரோலர் அதைப் படிக்கும். ஆனா பதிலை வெளியே விடவே 6, 7 நானோ செகண்ட் எடுத்துக்கிற சிப்கள் இருக்கு. போர்டின் தாமிரத் தடத்தில் சிக்னல் போய் வரும் நேரம் தனி. ஒரு நானோ செகண்டில் சிக்னல் ஏறக்குறைய 15 சென்டிமீட்டர்தான் போகும். ஆக, 5-ல் படிச்சா கிடைக்கிறது பழைய பிட்!

இதுக்காக வேகத்தைக் குறைக்க வேண்டியதில்லை. கூப்பிடறதை வேகமாவே கூப்பிடலாம். டிக் போடற விரலை மட்டும் கொஞ்சம் பின்தங்கி ஓட்டினால் போதும். அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவுன்னு போர்டுக்குப் போர்டு, சிப்புக்குச் சிப் மாறும். அதனால் டிரைவரே பூட் ஆகும்போது அளந்து கண்டுபிடிக்குது. இதுக்குப் பேர்தான் ரீட் டைமிங் கேலிபரேஷன்.

2022-ல் வந்த லினக்ஸ் 5.19-லிருந்து கர்னலில் இருக்கும் ஏஸ்பீட் எஸ்பிஐ டிரைவர் இதைச் செய்யும் விதம் ரொம்ப அழகு. முதல்ல ஃப்ளாஷின் ஆரம்பத்திலிருந்து 16 கிலோபைட்டை, மெயின் கிளாக்கை 16-ஆல் வகுத்த ஆமை வேகத்தில் படிக்கும். தப்பே வராத வேகம். அதுதான் 'தங்கப் பிரதி'. அப்புறம் 5-ஆல் வகுத்த வேகம், 4, 3 என்று படிப்படியா ஏறும். சிப் தாங்கும் உச்சத்தைத் தாண்டாது. ஒவ்வொரு வேகத்துக்கும் 12 விதத் தாமதம் வரை போட்டுப் பார்க்கும். ஒவ்வொரு தாமதத்திலும் அதே 16 கிலோபைட்டை 10 தடவை படிச்சுத் தங்கப் பிரதியோட ஒப்பிடும். ஒரு பைட் மாறினாலும் ஃபெயில். அரியர்தான், ரீவால்யுவேஷன் எல்லாம் கிடையாது!

நான் செய்த 'சமையல்'

சரி, எங்க போர்டில் ஏன் ஆமை வேகம்? டிரைவர் ஒப்பிடறதுக்கு முன்னாடி ஒரு செக் பண்ணுது. அந்த 16 கிலோபைட்டில் 4,096 வார்த்தைகள், ஒவ்வொண்ணும் 4 பைட். எல்லா பிட்டும் பூஜ்யமாகவோ எல்லா பிட்டும் ஒன்றாகவோ இல்லாத வார்த்தைகள் குறைஞ்சது 64 இருக்கணும். இல்லைன்னா அளக்கவே மாட்டேன்னு மெதுவாவே போயிடும். எங்க சிப் புத்தம் புதுசு. அதில் ஒண்ணுமே எழுதலை. எழுதாத ஃப்ளாஷில் எல்லா பிட்டும் ஒன்றுதான்.

நான் என்ன பண்ணினேன்? 'வேலையைக் கெடுக்கிறதே இந்த செக்தான்'னு அந்த ரெண்டு வரியை கமென்ட் பண்ணிட்டேன். பன்னிரண்டு தாமதத்தையும் பிரின்ட் பண்ணிப் பார்த்தேன். 100 மெகாஹெர்ட்ஸில் 12-க்கு 12 பாஸ்! சென்டம்! சாயங்காலம் 5 மணிக்கு டீமுக்கே மெயில் தட்டினேன்: 'பிரச்னை தீர்ந்தது. எல்லா டைமிங்கும் பாஸ்.' மறுநாள் காலையில் மத்த போர்டுகளிலும் இதே கர்னலை ஏத்தறோம்னு டெஸ்ட் டீமிலிருந்து பதில் வந்தது. எனக்கு பிபிஓ கையில் கிடைச்ச மாதிரி ஒரு ஃபீல்.

கிளம்பும்போது அக்கா லிஃப்ட் பக்கத்தில் நின்னு கேட்டாங்க. "பன்னிரண்டுமே பாஸா? ஒண்ணு கூட ஃபெயில் ஆகலையா?"

"ஆகலைக்கா!"

"எதோட ஒப்பிட்டே?"

"சிப்ல இருந்ததோடதான்..."

அக்கா ஒண்ணும் சொல்லலை. லிஃப்ட் வந்தது, போயிட்டாங்க.

நான் அங்கேயே நின்னேன். சிப்ல என்ன இருந்தது? ஒண்ணுமே இல்லையே! மாஸ் பங்க் அன்னிக்கு அட்டெண்டன்ஸ் எடுத்திருக்கேன் மக்கா! கிளாஸ்ல ஒருத்தனும் இல்லை. மெதுவா கூப்பிட்டாலும் எல்லாரும் ஆப்சென்ட். தலைதெறிக்கக் கூப்பிட்டு, விரல் பத்து நம்பர் தள்ளிப் போனாலும் எல்லாரும் ஆப்சென்ட். ரெண்டு லிஸ்ட்டும் அச்சு அசலா ஒண்ணு. அதனால் சார் சரியா எடுத்தார்னு ஆயிடுமா?

திரும்ப சீட்டுக்குப் போனேன். சிப்பில் நிஜ ஃபர்ம்வேரை எழுதி, மெதுவான வேகத்தில் படிச்சு, சரியா எழுதியிருக்குன்னு உறுதி பண்ணினேன். பிறகு மறுபடி அளந்தேன். 0-விலிருந்து 11 வரையிலான தாமதங்களில் 2, 3, 4, 5 மட்டும் பாஸ். மத்த எட்டும் ஃபெயில். காலி சிப்பில் என் கர்னல் தேர்ந்தெடுத்திருந்தது எது தெரியுமா? 1. காலையில் அதே கர்னல் மத்த போர்டுகளில் ஏறியிருந்தா, ஃபர்ம்வேரைச் சரிபார்க்க வேண்டிய வார்டனே தப்புத் தப்பா படிச்சிருக்கும்.

மணி ராத்திரி 9. ஒரு சபலம் வந்ததை மறைக்க விரும்பலை. சத்தமில்லாம அந்த ரெண்டு வரியைத் திருப்பிப் போட்டு, புது கர்னலை அதே பேரில் வச்சுட்டா யாருக்குத் தெரியும்? ஜீனர் டயோடு யாருக்குத் தெரிஞ்சது?

ஆனா அந்தக் கர்னலை யாராவது ஏற்கெனவே காப்பி பண்ணியிருந்தா? பத்து நிமிஷம் ஸ்கிரீனையே பார்த்துட்டு மெயில் அடிச்சேன். 'என் முந்தைய மெயில் தப்பு. காலி சிப்பில் அளந்தேன். டிரைவரில் இருந்த ஒரு செக்கை நான் எடுத்திருந்தேன். அந்தக் கர்னலை யாரும் ஏத்த வேண்டாம்.' சென்ட் பட்டனை அமுக்கினப்போ, மனசுக்குள்ளே பிபிஓ டாட்டா காட்டிட்டுப் போச்சு.

அரை மணி நேரத்தில் அக்காகிட்டேயிருந்து பதில். 'பார்த்தேன். காலைல வா, ஏன் நடுவுல நிக்கணும்னு சொல்றேன்.'

நடுவில் நில்லு!

காலையில் திட்டு விழும்னு போனேன். அக்கா பேப்பரில் பன்னிரண்டு கட்டம் போட்டு, என் நாலு பாஸையும் டிக் பண்ணினாங்க. "ரெண்டும் பாஸ்தான், அஞ்சும் பாஸ்தான். எதை எடுப்பே?"

"முதல்ல வர்ற ரெண்டை?"

"அது படிக்கட்டுல தொங்கிட்டு வர்ற மாதிரிப்பா. போர்டு சூடானாலோ, வோல்டேஜ் லேசா மாறினாலோ பதில் வர்ற நேரம் நகரும். விளிம்புல நிக்கறவன் முதல்ல விழுவான்."

டிரைவரும் இதைத்தான் செய்யுது. தொடர்ந்து மூணு தாமதம் பாஸ் ஆகும் வரை காத்திருக்கும். ஆனதும் அந்த மூணில் நடுவில் உள்ளதை எடுத்துக்கும். எங்க போர்டில் 2, 3, 4 பாஸ், எடுத்தது 3. ரெண்டு பக்கமும் ஒரு படி இடம் இருக்கு.

கடைசியில் நான் 'தீர்த்த' பிரச்னைக்கு வந்த தீர்வு என்ன தெரியுமா? ஃபர்ம்வேரை எழுதிட்டு பிஎம்சியை ஒரு தடவை ரீபூட் பண்றது. அவ்வளவுதான்! ஒரு வரி கோட் கூட மாத்தலை. டிரைவர் முதல் நாளே உண்மையைத்தான் சொல்லியிருக்கு: 'ஒப்பிட எதுவும் இல்லை, அதனால் மெதுவா போறேன்.' தெரியாததைத் தெரியாதுன்னு சொன்ன அந்த ரெண்டு வரியைத்தான் நான் அழிச்சேன்.

பிபிஓ பத்தி இதுவரை யாரும் பேசலை. நானும் கேட்கலை. ஆனா இப்பெல்லாம் எந்த டெஸ்ட் பாஸ் ஆனாலும் உடனே ட்ரீட் கேட்கிறதில்லை. வேணும்னே ஒரு தப்பைப் போட்டு, அது ஃபெயில் ஆகுதான்னு பார்க்கிறேன். நீங்களும் உங்க மினி ப்ராஜெக்ட்டில் பண்ணிப் பாருங்க, ரெண்டு நிமிஷ வேலை. ஃபெயில் ஆகவே தெரியாத டெஸ்ட்டில் சென்டம் எடுத்து என்ன பண்றது?

காலேஜ் திறந்ததும் முதல் வேலையா லேபில் ஒரு ஜீனர் டயோடு கேட்டு வாங்கணும். கிராஃப் கோணலா வந்தாலும் பரவாயில்லை.

அடுத்த வாரம் பார்ப்போம் மக்கா!