பாதி விலைக்கு 'ஹாஃப்-கட்' சாமான்: எங்கிருந்து வந்தது என்று கேட்டீர்களா?

கார் பழுதாகிவிட்டது. போர்மேன் புதுச் சாமானுக்கு ஒரு விலை சொல்கிறார். கேட்டதுமே தலை சுற்றுகிறது. அன்றிரவு கைப்பேசியில் தேடினால், அதே சாமான் ஜொகூர் பாருவிலேயே மூன்றில் ஒரு பங்கு விலைக்கு இருக்கிறது. "ஒரிஜினல் ஜப்பான், ஹாஃப்-கட், கண்டிஷன் சூப்பர்" என்று விற்பவர் எழுதியிருக்கிறார்.

வாங்கலாமா?

தாராளமாக வாங்கலாம். ஆனால் அதற்கு முன் அது ஏன் இவ்வளவு மலிவு என்று தெரிந்துகொள்ளுங்கள். நியாயமான காரணத்தால் மலிவான சாமான், ஆயுள் முடிந்த சாமான், திருட்டுச் சாமான் என மூன்று வகை உண்டு. படத்தில் பார்த்தால் மூன்றும் ஒரே மாதிரிதான் தெரியும். விலையும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும்.

ஹாஃப்-கட் என்றால் என்ன?

பெயரே சொல்லிவிடுகிறது. பழைய காரை நடுவில் வெட்டி, முன்பாதியைத் தனியாகவும் பின்பாதியைத் தனியாகவும் கொள்கலனில் ஏற்றி அனுப்புவார்கள். முன்பாதியில்தான் காசு. எஞ்சின், கியர்பாக்ஸ், ஆல்டர்னேட்டர், முன்விளக்கு, டேஷ்போர்டு எல்லாம் அதில் இருக்கும். இங்கே இறக்கி, ஒவ்வொன்றாகக் கழற்றி விற்பார்கள். நம்மூரில் 'கெடாய் பொட்டோங்' என்று சொல்வது இந்தக் கடைகளைத்தான்.

முழுக் காரையே கொண்டுவரலாமே, எதற்கு வெட்ட வேண்டும்? மலேசியாவில் பயன்படுத்திய கார்களை இறக்குமதி செய்ய 'ஏபி' எனப்படும் அனுமதி தேவை. அதுவும் பொதுவாக ஒன்று முதல் ஐந்து ஆண்டு வரை பழைய கார்களுக்கே. அதைவிடப் பழைய கார் முழுசாக உள்ளே வர முடியாது. வெட்டிவிட்டால் அது காரே இல்லை, உதிரிப் பாகம்!

ஏன் இவ்வளவு மலிவு?

விற்பவர் ஏமாற்றுகிறார் என்று உடனே நினைத்துவிட வேண்டாம். இந்த மலிவுக்கு நேர்மையான காரணம் ஒன்று உண்டு. அது ஜப்பானில் இருக்கிறது.

அங்கே 'ஷாக்கென்' என்ற கட்டாய வாகனப் பரிசோதனை இருக்கிறது. புதுக் காருக்கு முதல் மூன்று ஆண்டு கழித்து, அதன்பின் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. ஒவ்வொரு முறையும் செலவு கூடும். பெட்ரோல் கார் 13 ஆண்டைத் தாண்டினால் வரியும் ஏறும். அதனால் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் காரையே பலர் கைவிட்டுவிடுகிறார்கள். அவர்களுக்கு அது சுமை. நமக்கு அது உயிரோட்டமுள்ள எஞ்சின்.

அந்தச் சாமான் நம் கார்களுக்குப் பொருந்துவதற்கும் காரணம் உண்டு. ஜப்பானிலும் நம்மைப் போலவே வலப்பக்கம்தான் ஸ்டியரிங். அதோடு, நம் உள்நாட்டுக் கார்களின் வேரும் அங்கேதான். 1985-இல் வந்த முதல் புரோட்டோன் சாகாவும், பிறகு வந்த விராவும் மிட்சுபிஷியின் வடிவமைப்பிலிருந்து பிறந்தவை. 1994-இல் வந்த பெரோடுவா கஞ்சில், டைஹாட்சு மீராவின் உறவு. 2005-இல் வந்த முதல் மைவி, டைஹாட்சு பூனின் உறவு. அதனால்தான் அப்பாவின் பழைய விராவுக்கு ஒசாகாவில் ஓடிய காரின் சாமான் பொருந்துகிறது.

ஆக, ஹாஃப்-கட் என்பது கெட்ட வார்த்தை இல்லை. வாரம் ஆறு நாள் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வரும் ஒருவருக்கு வண்டி நின்றால் சம்பளமும் நின்றுவிடும். புதுச் சாமானுக்குக் காசில்லாத குடும்பத்தின் வண்டியை ஓட வைப்பது இந்தக் கடைகள்தான்.

அப்படியென்றால் சிக்கல் எங்கே?

முழுக் காருக்கு அடையாளம் உண்டு. சேசிஸ் எண் இருக்கிறது, பதிவு இருக்கிறது. விபத்தில் சிக்கியதா, தயாரிப்பாளர் திரும்பப் பெற்றாரா என்று தேடிப் பார்க்க வழி இருக்கிறது. அதே காரை வெட்டி, கழற்றி, அலமாரியில் அடுக்கிவிட்டால் அந்த வரலாறும் அறுந்துபோகிறது. கதவுக் கண்ணாடிக்கு வரலாறு தேவையில்லை. ஏர்பேக்குக்குத் தேவை.

டகாட்டா என்ற ஜப்பானிய நிறுவனம் தயாரித்த ஏர்பேக் விவகாரம் உங்களுக்கு நினைவிருக்கலாம். அதன் இன்ஃப்ளேட்டரில், அதாவது பையை ஊதவைக்கும் சிறு உலோகக் குடுவையில், அம்மோனியம் நைட்ரேட் இருந்தது. வெப்பமும் ஈரப்பதமும் ஆண்டுக்கணக்கில் பட்டால் அது கெட்டுப்போகும். அப்புறம் விபத்து நேரத்தில் பையை ஊதுவதற்குப் பதில் குடுவையே வெடித்து, உலோகத் துண்டுகள் ஓட்டுநர்மீது பாயும். உலகம் முழுவதும் பல நிறுவனங்களின் கார்களிலிருந்து சுமார் 10 கோடி இன்ஃப்ளேட்டர்கள் திரும்பப் பெறப்பட்டன.

இது எங்கோ நடந்த கதை இல்லை. இந்தக் கோளாற்றால் அமெரிக்காவுக்கு வெளியே பதிவான முதல் மரணம் மலேசியாவில்தான், 2014 ஜூலையில், சரவாக்கில் நிகழ்ந்தது. கர்ப்பிணிப் பெண் ஒருவர் பலியானார். பிறகும் இங்கே மரணங்கள் பதிவாகின. நம்முடைய வெயிலும் புழுக்கமும் அந்த ரசாயனத்துக்கு மிக மோசமான சூழல்.

இதற்கும் பழைய சாமானுக்கும் என்ன சம்பந்தம்? 2017 மார்ச்சில் அமெரிக்காவின் லாஸ் வேகஸில் 18 வயதுப் பெண் ஒருவர் ஓட்டிய 2002-ஆம் ஆண்டு ஹோண்டா அக்கார்டு விபத்துக்குள்ளானது. ஏர்பேக் வெடித்து அவருக்குக் கழுத்தில் பலத்த காயம். விசாரித்ததில், அந்த ஏர்பேக் அந்தக் காருடையதே அல்ல என்று தெரியவந்தது. முன்பு விபத்தில் சேதமான அந்தக் காரைச் சரிசெய்தபோது, 2001-ஆம் ஆண்டு அக்கார்டிலிருந்து எடுத்த டகாட்டா ஏர்பேக்கைப் பொருத்தியிருக்கிறார்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. உங்கள் காரின் சேசிஸ் எண்ணை வைத்துத் தயாரிப்பாளரிடம் தேடினால், "உங்கள் காரில் எல்லாம் மாற்றியாகிவிட்டது" என்றே பதில் வரும். காருக்கு அது உண்மை. உள்ளே இருக்கும் ஏர்பேக்கோ வேறொரு காரிலிருந்து வந்தது. அதை எந்தப் பட்டியலும் காட்டாது. அழகாக இருக்கிறதே என்று ஹாஃப்-கட் ஸ்டியரிங்கை ஏர்பேக்கோடு சேர்த்து வாங்கும்போது நீங்கள் எடுக்கும் அபாயம் இதுதான்.

திருட்டுச் சாமான்: சட்டம் வாங்கியவரையும் விடாது

இன்னொரு வகை மலிவும் உண்டு. நேற்று ஸ்கூடாயில் காணாமல்போன மோட்டார்சைக்கிள், இன்று வேறோர் ஊரில் சாமான் சாமானாக விற்பனைக்கு வரலாம். முழு வண்டியை விற்றால் பதிவு எண்ணே காட்டிக்கொடுத்துவிடும். ரிம், எக்ஸாஸ்ட், மீட்டர் என்று பிரித்து விற்றால் யாரும் கேட்கமாட்டார்கள் என்பது திருடர்களின் கணக்கு.

"எனக்குத் தெரியாதே, நான் காசு கொடுத்துத்தானே வாங்கினேன்" என்று நீங்கள் சொல்லலாம். அது எல்லா நேரமும் கைகொடுக்காது. மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 411-ஆவது பிரிவு, திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்கியவரை மட்டும் குறிவைக்கவில்லை. அப்படி நம்புவதற்குக் காரணம் இருந்தும் வாங்கியவரையும் அது சேர்த்துக்கொள்கிறது. பொருள் மோட்டார் வாகனமோ அதன் பாகமோ என்றால் குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 5 ஆண்டு சிறை. அபராதமும் விதிக்கலாம்.

'நம்புவதற்குக் காரணம்' என்றால் என்ன? கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அடிமாட்டு விலை, ரசீது தர மறுப்பு, சுரண்டி அழித்த வரிசை எண், கடைக்கு வராதீர்கள் பெட்ரோல் நிலையத்தில் சந்திக்கலாம் என்ற பேச்சு. இத்தனையும் பார்த்த பிறகு "சந்தேகமே வரவில்லை" என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

முறையான கடையைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. பழைய பொருள்களை வாங்கி விற்பதற்கென்று 1946-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதன்படி வணிகர்கள் காவல்துறையிடம் உரிமம் பெற வேண்டும், எங்கிருந்து வாங்கினார்கள் என்று பதிவும் வைத்திருக்க வேண்டும். உரிமத்தைக் கேட்பதில் வெட்கம் வேண்டாம். நேர்மையான கடைக்காரர் கோபப்படமாட்டார்.

எஞ்சின் மாற்றினால் கெரானும் மாற வேண்டும்

எஞ்சினுக்குத் தனி விதி. அதன் எண் வண்டியின் கெரானில் இருக்கிறது. வேறு எஞ்சின் பொருத்தினால் ஜேபிஜே எனப்படும் சாலைப் போக்குவரத்துத் துறையின் ஒப்புதலும், வாகனப் பரிசோதனையும், பதிவில் திருத்தமும் தேவை. அதற்கு எஞ்சின் எங்கிருந்து வந்தது என்று காட்டும் ஆவணங்களும் கேட்பார்கள்.

ரசீது இல்லாமல் மலிவாக வாங்கிய எஞ்சின் அங்கேதான் மாட்டிக்கொள்ளும். பதிவைத் திருத்தாமலே ஓட்டினால், சாலைச் சோதனையில் சிக்கலாம். விபத்து நடந்தால் இழப்பீட்டை மறுக்கக் காப்புறுதி நிறுவனத்துக்கு நீங்களே காரணம் கொடுத்ததாகிவிடும். வண்டியை விற்கப் போகும்போதும் எண் ஒத்துப்போகாது. மிச்சம் பிடித்த காசு எல்லாம் அங்கே போய்விடும்.

எதை வாங்கலாம், எதை வேண்டாம்?

பார்த்தே நிலையைச் சொல்லக்கூடிய, உயிரோடு நேரடியாகச் சம்பந்தப்படாத சாமான்களைத் துணிந்து வாங்கலாம். கதவு, பம்பர், பக்கக் கண்ணாடி, விளக்கு, இருக்கை, டேஷ்போர்டு பாகங்கள் இந்த வகை.

ஆல்டர்னேட்டர், ஏர்கோன் கம்ப்ரசர், கியர்பாக்ஸ், எஞ்சின் போன்றவற்றைச் சோதித்துப் பார்த்து, உத்தரவாதக் காலத்தை ரசீதில் எழுதி வாங்குங்கள். "ஒரு வாரம் பார்த்துட்டு சொல்லுங்க பாஸ்" என்ற வாய்வார்த்தை உத்தரவாதம் ஆகாது.

ஏர்பேக், பிரேக் பேட், டைமிங் பெல்ட், விபத்தான காரின் சீட்பெல்ட் ஆகியவற்றைப் பழையதாக வாங்காதீர்கள். ஏர்பேக் ஒரே ஒருமுறை வேலை செய்வதற்காகப் படைக்கப்பட்டது. அந்த ஒருமுறை அது சரியாக வேலை செய்யுமா என்று முன்கூட்டியே சோதித்துப் பார்க்க உங்களுக்கு வழி கிடையாது.

பழைய டயரையும் தவிர்ப்பது நல்லது. பூ நன்றாக இருந்தாலும் ரப்பருக்கு வயதாகும். டயரின் பக்கவாட்டில் 'டாட்' எழுத்துகளோடு தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது என்று பொருள். விற்பவர் "ஒரு வருஷம்தான் ஆச்சு" என்று சொன்னாலும் டயர் பொய் சொல்லாது.

காசு அனுப்புவதற்கு முன்

இணையத்தில் பார்க்கும் சில சாமான்கள் பழையவைகூட இல்லை. அவை இல்லவே இல்லை! வேறொருவர் எடுத்த படத்தைப் போட்டு, "டெபாசிட் கட்டினால்தான் எடுத்து வைப்பேன்" என்பார்கள். கட்டியதும் ஆள் மறைந்துவிடுவார்.

காசு அனுப்புவதற்கு முன் அந்த வங்கிக் கணக்கு எண்ணை, காவல்துறையின் 'செமாக் மியூல்' இணையத்தளத்தில் போட்டுப் பாருங்கள். மோசடிப் புகாரில் சிக்கிய கணக்கா என்று அது காட்டும். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் உங்கள் வங்கியையோ, தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் 997 எண்ணையோ அழையுங்கள். அடுத்த கணக்குக்குப் பணம் தாவுவதற்கு முன் தடுக்கப் பார்ப்பார்கள்.

உண்மையான கடையிலேயே வாங்கி, சாமான் சரியில்லை, திருப்பியும் எடுக்க மறுக்கிறார்கள் என்றால்? பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை விசாரிப்பார்கள். பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட். வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் ரசீது தேவை. தனிநபர் ஒருவரிடம் பெட்ரோல் நிலையத்தில் வாங்கிய சாமானுக்கு இந்தக் கதவு திறக்காது.

மொத்தமாகத் தடை செய்துவிட்டால்?

அந்த யோசனை ஏற்கெனவே வந்தது. 2009 அக்டோபரில் தேசிய வாகனக் கொள்கையின் மறுஆய்வை அறிவித்தபோது, பயன்படுத்திய உதிரிப் பாகங்களின் இறக்குமதியை 2011 ஜூன் முதல் நிறுத்தப்போவதாக அரசாங்கம் சொன்னது. பாதுகாப்பும் சுற்றுச்சூழலும் காரணம். தொழிலில் இருந்தவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். பழைய கார் வைத்திருப்பவர்களின் பாடு என்ன என்ற கேள்வியும் எழுந்தது. தடை திட்டமிட்டபடி நடைமுறைக்கு வரவில்லை. ஹாஃப்-கட் கடைகள் இன்றும் இருக்கின்றன.

இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. தடை போட்டால் வசதி குறைந்தவரின் வண்டி நிற்கும், திருட்டுச் சாமானுக்கு மவுசு கூடவும் செய்யலாம். தடையே இல்லாமல் விட்டால், எந்தக் காரிலிருந்து வந்தது என்றே தெரியாத ஏர்பேக் யாரோ ஒருவரின் முகத்துக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும். நடுவழி ஒன்று உண்டு. வெட்டிய காரின் சேசிஸ் எண், அதிலிருந்து கழற்றிய முக்கியப் பாகங்களோடு ரசீது வரை கூடவே வர வேண்டும். ஆபத்தான சில பாகங்களை மட்டும் மறுவிற்பனைக்கு வராமல் நிறுத்த வேண்டும்.

அப்படி ஓர் ஏற்பாடு வரும்வரை அந்த வேலையைச் செய்ய வேண்டியவர் வாங்குபவர்தான். அடுத்த முறை நம்பமுடியாத விலையைப் பார்த்தால், "கடைசி விலை என்ன?" என்று மெசேஜ் அனுப்புவதற்கு முன் வேறு மூன்று கேள்விகளை அனுப்புங்கள். எந்த மாடல் காரிலிருந்து கழற்றியது? வரிசை எண்ணின் படம் அனுப்ப முடியுமா? கடை முகவரியோடு ரசீது உண்டா?

பதில் வந்தால் பேரம் பேசுங்கள். பதில் வராவிட்டால், அந்த விலைக்கு அது மலிவே இல்லை.