ஐந்நூறாம் பக்கம் யாருக்கு?

அகராதியில் 'மழை' என்ற சொல்லைத் தேடும் மாணவன், முதல் பக்கத்திலிருந்து சொற்களை எண்ணிக்கொண்டு வருவதில்லை. மகரத்தைத் திறந்து அங்கிருந்து புரட்டுவான். தமிழ்ப்பள்ளியிலேயே நம் கைக்குப் பழகிவிட்ட செயல் இது. ஆனால் கணினித்துறை மாணவர்களாகிய நாம், பெரிய பட்டியலைப் பக்கம் பக்கமாக அகப்பக்கத்தில் காட்ட முதலில் கற்கும் முறையோ எண்ணிக்கொண்டேதான் வருகிறது.

ஒரு நூலகப் பட்டியலில் 2 இலட்சம் நூல்கள் உள்ளன என்று வைத்துக்கொள்வோம். பக்கத்திற்கு 20 நூல்கள். ஒருவர் 500ஆம் பக்கத்தைக் கேட்டால் 'லிமிட் 20, ஆஃப்செட் 9,980' என்ற கட்டளை போகிறது. தரவுத்தளம் 10,000 பதிவுகளை எடுத்து, 9,980ஐத் தள்ளிவிட்டு, 20ஐ மட்டும் நம்மிடம் நீட்டுகிறது. சுட்டுவரிசை அமைத்திருந்தாலும் எண்ணாமல் தாண்ட அதனால் முடியாது. ஐந்நூறாம் பக்கம்வரை யார் போகப் போகிறார்கள் என்று கேட்கலாம். மனிதர்கள் போவது அரிது. தேடுபொறிகளின் தானியங்கி நிரல்கள் சலிக்காமல் போகும். அந்தச் சுமையில் முதல் பக்கத்தைக் கேட்டவரும் காத்திருப்பார்.

மாற்று வழி அகராதி வழிதான். கடைசியாகக் காட்டிய நூலை நினைவில் வைத்து, 'இதற்கு அடுத்த 20' என்று கேட்பது. சுட்டுவரிசை நேரே அந்த இடத்தில் போய் நிற்கும். முதல் பக்கத்திற்கும் ஐந்நூறாம் பக்கத்திற்கும் ஏறக்குறைய ஒரே உழைப்பு.

வேகம்கூட எனக்கு இரண்டாம் கவலைதான். முதல் கவலை, காணாமல் போகும் நூல்கள். பட்டியல் தலைப்பு வாரியாக இருக்கிறது. 'திருக்குறள்' என்ற ஒரே தலைப்பில் பல பதிப்புகள் இருக்கின்றன. ஒரே தலைப்புள்ளவற்றுள் எது முன், எது பின் என்று நாம் சொல்லாவிட்டால், தரவுத்தளம் ஒவ்வொரு முறையும் ஒரே வரிசையைத் தரும் என்ற உறுதி இல்லை. ஒரு பதிப்பு இரண்டு பக்கங்களில் வரலாம்; இன்னொன்று எந்தப் பக்கத்திலும் வராமலே போகலாம். புதிய முறையிலும் தலைப்பை மட்டும் நினைவில் வைத்தால் ஆபத்துதான்: பக்கம் 'திருக்குறள்' நடுவே முடிந்தால் மீதிப் பதிப்புகள் அத்தனையும் மறைந்துவிடும். ஆகவே தலைப்போடு பதிவெண்ணையும் சேர்த்து வரிசைப்படுத்த வேண்டும். இணையத்தில் தமிழ் நூல்களைச் சேர்க்க எத்தனையோ பேர் உழைக்கிறார்கள். சேர்த்த நூல் பட்டியலில் தென்படாவிட்டால், தேடி வந்தவருக்கு அப்படியொரு நூலே இல்லை.

நம் மொழிக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. அகராதியில் 'கண்ணாடி' முன்னே, 'கணக்கு' பின்னே. ஒருங்குறி எண்களின்படி மட்டும் அடுக்கினால் இது தலைகீழாகும். அங்கே புள்ளியின் எண் மெய்யெழுத்துகளின் எண்களுக்குப் பின்னால் வருகிறது. தமிழுக்குரிய வரிசை விதியைத் தேர்ந்தெடுத்தால் சரியாகும். ஆனால் சுட்டுவரிசையையும் அதே விதியில் அமைக்க வேண்டும். இல்லையேல் தரவுத்தளம் ஒவ்வொரு முறையும் முழுப் பட்டியலையும் புதிதாக அடுக்கத் தொடங்கும். செய்த வேலை வீண்.

பக்க எண் இல்லாவிட்டால் ஆய்வாளர் இடத்தை எப்படிக் குறிப்பது என்பார்கள். வளரும் பட்டியலில் பக்க எண் நிலையானதே அல்ல. முன்னால் நான்கு நூல்கள் சேர்ந்தால், இன்று 37ஆம் பக்கக் கடைசியில் இருப்பது நாளை 38க்குப் போய்விடும். விரும்பிய இடத்திற்குத் தாவ அ, ஆ, இ என்று எழுத்துகளை மேலே வைத்தால் போதும். முந்நூறு பேர் கொண்ட உறுப்பினர் பட்டியலுக்கு இவையெல்லாம் தேவையில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே பழைய முறையே தாராளம். பதிவெண்ணை மட்டும் மறக்காமல் சேர்த்தால் சரி.

'மொத்தம் 10,000 பக்கங்கள்' என்று கீழே பெருமையாகப் போடுவதையும் நான் கைவிடச் சொல்வேன். அந்த ஓர் எண்ணுக்காகப் பல தரவுத்தளங்கள் பட்டியல் முழுவதையும் எண்ணிப் பார்க்கின்றன. இருபதுக்குப் பதில் 21 நூல்களைக் கேளுங்கள். இருபதை மட்டும் காட்டுங்கள். இருபத்தோராவது வந்திருந்தால் 'அடுத்து' என்ற பொத்தான் இருக்கட்டும். வராவிட்டால் பட்டியல் முடிந்தது.