உலங்குவானூர்தி வரும்வரை மூச்சுக் கொடுப்பவர் யார்?

மெல்பேணிலிருந்து நண்பர் ஒருவர் நீண்ட மடலொன்று எழுதியிருந்தார். ஒட்டுசுட்டானிற் பிறந்தவர், இன்று பேரப்பிள்ளைகளுடன் அங்கே வாழ்பவர். நாட்டுப்புறத்தில் அயலவர் ஒருவர் மாரடைப்பால் வீழ்ந்தபோது விளையாட்டு மைதானத்தில் உலங்குவானூர்தி வந்திறங்கியதாம். அதிலிருந்து குதித்த பராமெடிக்குகள், நோயாளியை ஏற்றுவதற்கு முன்பாகவே அரைமணிநேரம் அவ்விடத்திலேயே சிகிச்சை அளித்தனராம். "எங்கட வன்னிக்கும் இப்பிடி ஒண்டு வேண்டாமோ? வெளிநாட்டில இருக்கிற நாங்கள் எல்லாரும் சேர்ந்தால் ஒரு ஹெலி வாங்க ஏலாதோ?" என்று கேட்டிருக்கிறார். வேறு சிலரும் என்னிடம் இதையே கேட்டிருப்பதால் விடையை இங்கேயே எழுதுகிறேன்.

வன்னியில் ஹெலிச் சத்தம் கேட்டாற் பதுங்குகுழியைத் தேடி ஓடிய தலைமுறையைச் சேர்ந்தவர்கள் நாங்கள். வானூர்தியால் உயிரைக் காக்கவும் முடியும் என்பதை நாங்கள் அறிந்திருந்தோம். ஆனால் அது எங்களுக்குரியதாக இருக்கவில்லை. 2009இல் களத்திற் காயமுற்ற படையினரை விமானப்படையின் உலங்குவானூர்திகள் அனுராதபுரத்துக்குக் காவிச்சென்றன. அதே நாட்களிற் காயமுற்ற பொதுமக்கள் புதுமாத்தளன் கடற்கரையிற் காத்துக் கிடந்தனர். அவ்வாண்டு பெப்ரவரி 10 முதல் மே 9 வரை சர்வதேச செஞ்சிலுவைக் குழு அவர்களைக் கப்பலில் முதலில் திருகோணமலைக்கும் பின்னர் புல்மோட்டைக்கும் கொண்டுசென்றது. நோயாளரும் துணைக்குச் சென்ற உறவினருமாக ஏறத்தாழ 14 ஆயிரம் பேர். கரையிலிருந்து மீன்பிடி வள்ளங்களில் ஏற்றிச்சென்று கப்பலுக்கு மாற்றவேண்டியிருந்தது. அந்தக் கப்பலும் வராதிருந்தால் இன்று உயிரோடிருக்கும் பலர் இருந்திருக்கமாட்டார்கள். எனவே நண்பரின் ஆசை எங்கிருந்து பிறக்கிறது என்பது எனக்கு நன்றாகவே விளங்குகிறது.

ஆயினும் அவரது யோசனையை நான் ஏற்கவில்லை. அதற்கான காரணத்தைச் சொல்ல ஓரிரவைப் பற்றிச் சொல்லவேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் என் அக்காவின் பேரனைக் கட்டுவிரியன் தீண்டியது. பாய் விரித்து நிலத்திற் படுத்திருந்த பிள்ளை. கட்டுவிரியன் கடித்தால் நோவும் தெரியாது, வீக்கமும் இராது. விடியற்காலையிற் கண்ணிமை சரியும்போதுதான் விடயம் தெரியவரும். பின்னர் விழுங்க முடியாது, மூச்சும் விட முடியாது. விடமுறிவு மருந்து ஏற்றினாலும் தளர்ந்துபோன தசைகள் உடனே திரும்புவதில்லை. நாட்கணக்கிற் செயற்கையாக மூச்சுக் கொடுக்கவேண்டும். முதலிற் கொண்டுசென்ற சிறிய வைத்தியசாலையில் அதற்குரிய இயந்திரம் இல்லை. இளம் வைத்தியர் ஒருவர் தொண்டைக்குட் குழாயை இறக்கிவிட்டு, கையால் அமுக்கும் பையுடன் நோயாளர் காவுவண்டியிற் பிள்ளையோடு ஏறிக்கொண்டார். அவரும் ஒரு சிற்றூழியருமாக மாறி மாறி அமுக்கினர். நான் பின்னாற் குந்தியிருந்தேன். அக்கா இடையிற் கேட்டா: "டொக்டர் தம்பி, கை நோகுதோ?" அவர் தலை நிமிராமலே சொன்னார்: "நோகுதம்மா. ஆனா இதை விட ஏலாது."

பிள்ளை தப்பிவிட்டான். இப்போது பள்ளிக்கூடத்திற் பந்தடிக்கிறான். ஆனால் அந்த வைத்தியர் எங்களுடன் வந்தபின், திரும்பும்வரை அவ்வைத்தியசாலையில் வேறு வைத்தியர் இருக்கவில்லை. அந்த இடைவெளியில் அங்கே வந்த நோயாளியைப் பற்றி யார் எழுதுவது?

மீட்பு மருத்துவம் என்று மேல்நாட்டார் சொல்லும் முறையின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. சிறிய வைத்தியசாலை தன் ஒரேயொரு வைத்தியரை வண்டியில் ஏற்றி அனுப்புவதில்லை. பெரிய வைத்தியசாலையின் பயிற்சிபெற்ற குழு, சுவாச இயந்திரத்துடன் நோயாளியைத் தேடி வருகிறது. அது வானூர்தியில் வருகிறதா வானில் வருகிறதா என்பது தூரத்தைப் பொறுத்த விடயம். அவுஸ்திரேலியாவில் ஜோன் பிளின் பாதிரியார் 1928 மே மாதம் குளோன்கரியிலிருந்து பறக்கும் வைத்தியர் சேவையைத் தொடங்கியபோது வாடகை வானூர்தி ஒன்று கிடைத்துவிட்டது. ஆனால் பாலைவெளியிலுள்ள பண்ணைவீட்டிலிருந்து வைத்தியரை அழைப்பது எப்படி? மறுவருடம் அல்பிரட் ட்ரேகர் செய்த, காலால் மிதித்து இயக்கும் வானொலிப் பெட்டி வந்தபின்னரே அச்சேவை வேரூன்றியது.

ஒட்டுசுட்டான், மாங்குளம் – முல்லைத்தீவு வீதியில் நடுவே இருக்கிறது. வவுனியாவுக்கு வீதியாற் செல்ல ஒரு மணிநேரத்துக்குச் சற்றுக் கூடலாம். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு இரண்டு மணிநேரத்துக்கு மேல். இரத்மலானையிலிருந்து ஓர் உலங்குவானூர்தி புறப்பட்டு வருவதற்கே ஒன்றரை மணிநேரமாகும். இரவென்றால், மாரிமழையென்றால் அதுவும் இல்லை. உள்ளேயிருக்கும் இரைச்சலில் நெஞ்சிற் குழாய் வைத்துக் கேட்கவும் முடியாது. எல்லாவற்றையும் கருவிகளைப் பார்த்தே அறியவேண்டும். ஒரேயொரு ஹெலியை வைத்திருப்பவரின் நிலையையும் எண்ணிப் பாருங்கள். ரிஷிகேஷ் எய்ம்ஸ் மருத்துவமனையின் ஹெலி அம்புலன்ஸ் 2024 ஒக்டோபரிற் தொடங்கியது. 2025 மே மாதம் நோயாளி ஒருவரை ஏற்றச் சென்றவிடத்தில், கேதார்நாத்தில், தரையிறங்கும்போது வால் உடைந்தது. நல்லவேளையாக உள்ளே இருந்தவர்கள் தப்பினர். ஆனால் அந்த மலைநாட்டு நோயாளர்களுக்கு அன்றோடு அந்த ஹெலி இல்லை.

வானூர்தியே தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. மூளையிற் காயமுற்றவரையும் கடுமையாக எரிகாயம் பட்டவரையும் கொழும்புக்குக் கொண்டுசெல்ல அது வேண்டும். அதை நாம் உண்டியல் குலுக்கி வாங்கவேண்டியதில்லை. நாட்டு மக்களின் வரிப்பணத்தில் வாங்கிய ஹெலிகள் விமானப்படையிடம் இருக்கின்றன. இரணைமடுவில் ஓடுபாதை இருக்கிறது. முல்லைத்தீவில் விமானப்படை முகாம் இருக்கிறது; பிலக்குடியிருப்பு மக்கள் 2017இல் ஒரு மாதம் வீதியோரத்திற் கிடந்து தம் காணியை மீட்டது அந்தப் படையிடமிருந்துதான். எங்கள் நிலத்துக்கு வரத் தெரிந்தவர்களுக்கு எங்கள் நோயாளியிடம் வரவும் தெரியவேண்டும். 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயலின்போது நிவாரணப் பணிக்குச் சென்ற பெல் 212 லுணுவிலவில் வீழ்ந்து அதன் விமானி உயிரிழந்தார். அத்தகைய துணிவை நான் மதிக்கிறேன். அது பேரிடர் நாளில் மட்டும் கிடைக்கும் தயவாக இராமல், சுகாதார அமைச்சுடன் எழுத்தில் செய்த ஒழுங்காக மாறவேண்டும்: யார் அழைப்பது, எந்த மைதானத்தில் இறங்குவது, உள்ளே யார் இருப்பது என்பன அதில் இருக்கவேண்டும்.

1990 சுவசெரிய வண்டிகள் 2018 ஜூலையில் வடக்குக்கு வந்தபோது பலர் நகைத்தனர். இன்று அவ்விலக்கத்தை அறியாத வீடு வன்னியில் அரிது. ஆனால் அது வீட்டிலிருந்து வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லும் சேவை. வைத்தியசாலையிலிருந்து வைத்தியசாலைக்குச் செல்லும் அந்த ஆபத்தான நெடுவழிக்கு அப்படியொரு குழு எமக்கில்லை.

நண்பருக்கு இதைத்தான் எழுதினேன். ஹெலிக்கெனச் சேர்க்கும் பணத்தின் சிறுபங்கு போதும்: காவிச்செல்லக்கூடிய சுவாச இயந்திரங்கள் சில, இங்குள்ள தாதியரும் இளம் வைத்தியரும் பயிற்சிபெற வசதி, பயிற்றுவிக்க அவுஸ்திரேலியாவில் ஓய்வுபெற்ற பராமெடிக்குகள் இருவர் ஆண்டுக்கொருமுறை வந்துசெல்லப் பயணச்சீட்டு. சுகாதாரத் திணைக்களத்தின் அனுமதி பெறுவது இலேசல்ல என்பதையும் மறைக்காமற் சொல்லியிருக்கிறேன். அவர் சற்று ஏமாற்றமடைந்தார் போலும். ஹெலி என்றால் மண்டபம் நிறையும், சுவாச இயந்திரம் என்றால் யார் வருவார்கள் என்று கேட்டிருக்கிறார். அக்காவின் பேரனைத் தொலைபேசியிற் பேசவைக்கிறேன், கூட்டத்தைக் கூட்டுங்கள் என்று பதில் அனுப்பியுள்ளேன்.