ரம்மி திறமைதான், அதனால் என்ன?

ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் செல்லுமா, செல்லாதா என்று பேச்சு வந்தாலே நம்ம பசங்க பிடிச்சுக்கிற கேள்வி ஒண்ணுதான்: ரம்மி திறமையா, அதிர்ஷ்டமா? திறமைன்னா தடை பண்ண முடியாது, அதிர்ஷ்டம்னா பண்ணலாம். அவ்வளவுதான், கேஸ் முடிஞ்சுது. கோர்ட்டிலும் பல வருஷமா கிட்டத்தட்ட இந்தக் கணக்குதான் ஓடுது. எனக்கென்னவோ கேள்வியே தப்புன்னு தோணுது.

நடந்ததைச் சுருக்கமா பார்ப்போம். தமிழக அரசு கொண்டுவந்த முதல் தடையை 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. திறமை விளையாட்டையும் சேர்த்து மொத்தமாகத் தடுத்தது அளவுக்கு மீறியது என்பது காரணம். பிறகு நீதிபதி சந்துரு குழு, அவசரச் சட்டம், 2022 அக்டோபரில் மசோதா, ஆளுநர் அதைத் திருப்பி அனுப்பியது, 2023 மார்ச்சில் மறுபடி நிறைவேற்றியது, ஏப்ரலில் ஒப்புதல். அதே ஆண்டு நவம்பரில் தீர்ப்பு வந்தது: சட்டம் செல்லும், ஆனால் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட விளையாட்டுப் பட்டியலில் சேர்த்தது செல்லாது.

ரம்மிக்கு இந்தப் பாதுகாப்பு எங்கிருந்து வந்தது? செகந்திராபாத் கிளப் ஒன்றின் வழக்கில் 1967-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பிலிருந்து. விழுந்த சீட்டை ஞாபகம் வைக்கணும், எதை வைப்பது, எதைப் போடுவது என்று யோசிக்கணும். அதனால் ரம்மி பெரும்பாலும் திறமை விளையாட்டு என்றது கோர்ட். கம்பெனிகள் எப்பவும் மேற்கோள் காட்டுறது இதைத்தான். ஆனா அதே தீர்ப்பில் இன்னொரு பகுதி இருக்கு. பணயம் வைத்து ஆடும் ஆட்டத்திலிருந்து கிளப் நடத்துபவர் லாபம் பார்த்தால் அது குற்றமாகலாம் என்றும் கோர்ட் சொன்னது. இதை யாரும் சத்தமா சொல்றதில்லை.

இதில் ஏன் விஷயம் இருக்குன்னு ஒரு சின்ன கணக்கு போட்டுப் பாருங்க. சம திறமை உள்ள ரெண்டு பேர் தலைக்கு 100 ரூபாய் கட்டி ஆடுறாங்க. ஆப் 10 சதவீதம் கமிஷன் எடுக்குதுன்னு வச்சுக்குவோம். 200 ரூபாயில் ஜெயித்தவருக்கு 180. 50 ஆட்டம் முடிந்தால் சராசரியா ரெண்டு பேருக்கும் தலா 500 ரூபாய் நஷ்டம், ஆப்புக்கு 1000 ரூபாய் வரவு. நல்லா ஆடுறவன் தன் நஷ்டத்தை எதிராளி தலையில் தள்ளலாம். ஆனா மேசையிலிருந்து வெளியே போகும் அந்த 1000-ஐ எந்தத் திறமையாலும் குறைக்க முடியாது. ஆட்டக்காரரோட திறமையை காட்டி, நடத்துறவங்க தங்களோட தொழில் உரிமையைக் காப்பாத்திக்கிறாங்க.

அந்த உரிமை அரசியலமைப்பின் 19(1)(g) பிரிவில் இருப்பது உண்மைதான். ஆனா பொது நலனுக்காக நியாயமான கட்டுப்பாடு விதிக்கலாம் என்று 19(6)-ம் சொல்லுது. அப்போ கேட்க வேண்டிய கேள்வி: கட்டுப்பாடு ஆபத்துக்கு ஏற்ற அளவில் இருக்கா? கிளப் ராத்திரி மூடிடும். ஃபோன் மூடாது. ஹாஸ்டலில் ராத்திரி ரெண்டு மணிக்குத் தோற்றவன் கையில் அடுத்த ஆட்டமும் இருக்கு, யுபிஐயும் இருக்கு.

இந்த இடத்தைச் சரியாத் தொட்டது தமிழ்நாட்டின் 2025 விதிமுறைகள்: நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பண ஆட்டம் கூடாது, ஆதார் சரிபார்ப்பு வேணும், 18 வயதுக்குக் கீழ் அனுமதி இல்லை. அதே ஆண்டு ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் இவை செல்லும் என்றது. சரியான தீர்ப்புன்னு நினைக்கிறேன். ஆட்டத்தோட பெயரை விட்டுட்டு, அது நடக்கிற விதத்தைக் கட்டுப்படுத்துது.

ரெண்டே மாசத்தில், 2025 ஆகஸ்டில், நாடாளுமன்றம் வேற வழியில் போயிடுச்சு. திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் எல்லா ஆன்லைன் விளையாட்டுக்கும் தடை. நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி வரை அபராதம். ஆடுபவருக்குத் தண்டனை இல்லை. அதை எதிர்த்த வழக்குகளை உச்ச நீதிமன்றம் தன்னிடமே மாற்றிக்கொண்டது. இதில் எனக்கு ரெண்டு தயக்கம். பந்தயமும் சூதாட்டமும் அரசியலமைப்பில் மாநிலப் பட்டியலில் உள்ள விஷயம். அடுத்தது, நேரக் கட்டுப்பாடு வேலை செய்யுதான்னு பார்க்கவே அவகாசம் தராமல் முழுத் தடைக்குத் தாவியாச்சு. நுழைவுக் கட்டணம் கட்டி ஆடும் செஸ்ஸும் விடிய விடிய ஓடும் ரம்மியும் ஒரே தராசில் நிக்குது. வெளிநாட்டு ஆப்புக்குப் போறவனுக்கு ஆதாரும் இல்லை, ராத்திரி பூட்டும் இல்லை.

“என் காசு, என் இஷ்டம்”னு சொல்ற நண்பனுக்கு ஒண்ணு: உன் இஷ்டத்தைச் சட்டம் மதிக்கணும், சரிதான். ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு அது உன் இஷ்டமா, ஆப்போட டிசைனான்னு யோசி. அரசுக்கும் ஒண்ணு: பூட்டுப் போடுற அதிகாரம் இருக்கு. கதவையே செங்கல் வச்சு அடைக்கணும்னா, பூட்டு ஏன் போதலைன்னு முதல்ல நிரூபிக்கணும்.