திடலுக்குச் செலவு, பிள்ளைக்கு என்ன வரவு?



கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றில், விளையாட்டுப் போட்டிக்கான ஆயத்தக் கூட்டத்தில் ஒருமுறை அமர்ந்திருந்தேன். கூடார வாடகை, ஒலிபெருக்கி, வெற்றிக் கிண்ணங்கள், சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை, இல்ல வண்ணச் சட்டை எனப் பட்டியல் நீண்டது. பிள்ளைக்கு 35 ரிங்கிட் என முடிவாயிற்று. மூன்று பிள்ளைகளைப் படிக்க வைக்கும், கொழுந்து பறிக்கும் தாயொருவர் எழுந்தார். "சட்டை வாங்கிடலாம் சார். ஓடறதுக்குச் சப்பாத்து யாரு வாங்கித் தர்றது?" என்றார். அவையில் எவரும் விடை கூறவில்லை.

அந்தத் தாயின் வினாவை அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிடமும் கேட்கலாம். அங்கே கல்லூரி விளையாட்டு என்பது பெரும் வணிகம். தொலைக்காட்சி உரிமமும் நுழைவுச்சீட்டும் கோடிகளைக் கொட்டுகின்றன. பல மாநிலங்களில் அரசு ஊதியம் பெறுவோருள் முதலிடம் காற்பந்து அல்லது கூடைப்பந்துப் பயிற்றுநருக்கே, துணைவேந்தருக்கு அன்று. எனினும் தன் செலவைத் தானே ஈட்டிக்கொள்ளும் விளையாட்டுத் துறைகள் மிகச் சிலவே. எஞ்சியவற்றின் பற்றாக்குறையைப் பல்கலைக்கழகத்தின் பொது நிதியும் மாணவர் கட்டணமும் சுமக்கின்றன. திடலில் கால் வைக்காத மாணவனும் கடன் வாங்கி அக்கட்டணத்தைச் செலுத்துகிறான்.

"விளையாட்டால் புகழ், புகழால் மாணவர் சேர்க்கை" என்பது அவர்கள் கூறும் நியாயம். 1984இல் பாஸ்டன் கல்லூரி வீரர் டக் ஃபுளூட்டி இறுதி நொடியில் எறிந்த பந்து வெற்றி தேடித் தந்தது. அதன்பின் விண்ணப்பங்கள் பெருகின. இதை இன்றும் சான்றாகக் காட்டுவர். ஆனால் 1978இல் அதே கல்லூரி அணி ஒரு போட்டியிலும் வெல்லவில்லை. அவ்வாண்டும் விண்ணப்பங்கள் கூடவே செய்தன என்பதை மறந்துவிடுவர். மேலும், போட்டியில் வெல்பவர் ஒருவரே. செலவு செய்பவரோ அனைவரும். தோற்றவர் புகழுக்கு எங்கே போவார்?

மாற்றுச் சான்றும் உண்டு. சிக்காகோ பல்கலைக்கழகம் 1939இல் தன் புகழ்பெற்ற காற்பந்து அணியையே கலைத்தது. கைவிடப்பட்ட அத்திடலின் பார்வையாளர் மாடத்துக்கு அடியில்தான் 1942 திசம்பர் 2இல் உலகின் முதல் கட்டுப்படுத்தப்பட்ட அணுக்கருத் தொடர்வினை நிகழ்ந்தது. அணி போனதால் பல்கலைக்கழகம் வீழ்ந்துவிடவில்லை.

இன்னொன்றைத் தோட்ட மக்கள் எளிதில் உணர்வர். கொழுந்தைப் பறிக்கும் கைக்கும் தேநீரின் விலைக்கும் உள்ள தொலைவு நமக்குப் புதிதன்று. அங்கும் வியர்வை சிந்திய வீரனுக்குக் கல்வி உதவித்தொகைக்கு மேல் எதுவும் தரலாகாது என்றே நெடுங்காலம் விதி இருந்தது. 2021இல்தான் தன் பெயரையும் உருவத்தையும் கொண்டு பொருளீட்ட அவனுக்கு வழி திறந்தது. 2025 சூனில் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின் பின்னரே, ஒரு பல்கலைக்கழகம் ஆண்டுக்கு ஏறத்தாழ 20.5 மில்லியன் டாலர் வரை வீரர்களோடு நேரடியாகப் பகிரலாம் என்றாயிற்று. அத்தொகையும் எங்கிருந்து வரும்? மீண்டும் மாணவர் கட்டணத்திலிருந்தா?

நம் பள்ளிகள் அத்தகையன அல்ல என்பீர்கள். அளவில் அல்லதான், போக்கில் அதுவே. 150 மாணவருக்கும் குறைவான பள்ளியைக் 'குறைந்த மாணவர் பள்ளி' என வகைப்படுத்துகிறோம். தோட்டப் பள்ளிகள் பலவும் இவ்வகையே. தலைக்கணக்கில் வரும் மானியம் அங்கே சிறிது. அதனால் ஆடம்பரத்தின் சுமை பெற்றோர் தலையில் விழுகிறது. சேர்க்கையை உயர்த்தக் கிண்ணங்கள் வேண்டும் என்ற அதே வாதத்தை இங்கும் கேட்கிறேன். எழுத்தறிவிக்கும் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பாத பெற்றோர், கிண்ணத்தைக் கண்டா அனுப்புவர்?

நான் விளையாட்டின் பகைவன் அல்லன். ஓட்டப்பந்தய வீரர் மணி ஜெகதீசன் 1966ஆம் ஆண்டு பாங்காக் ஆசிய விளையாட்டில் மூன்று தங்கம் வென்றார்; மருத்துவராகவும் உயர்ந்தார். திடலும் வகுப்பறையும் பகையல்ல என்பதற்கு அவரே சான்று. 2011இல் வந்த 'ஒரு மாணவர் ஒரு விளையாட்டு' கொள்கையும், பொதுப் பல்கலைக்கழக நுழைவில் புறப்பாடத்துக்கு 10 விழுக்காடு என்னும் முறையும் ஒவ்வொரு பிள்ளையும் விளையாட வேண்டும் என்பதற்கே. நால்வர் ஓட நூற்றுவர் கைதட்டுவதற்கு அன்று.

எனவே பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் முன் மூன்று கோரிக்கைகளை வைக்கிறேன்.

1. விளையாட்டுப் போட்டியின் வரவு செலவைப் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.

2. சப்பாத்து, பந்து, பயிற்சி ஆகியவற்றுக்கே முதற்செலவு. கூடாரமும் பொன்னாடையும் மீதம் இருந்தால் மட்டும்.

3. பணம் கட்ட இயலாத பிள்ளை எவரும் திடலின் ஓரத்தில் நிற்கக் கூடாது.

மேடும் பள்ளமுமான இம்மலையில் சமதளத் திடல் கிடைப்பதே அரிது. கிடைத்த திடலிலும் ஏழைப் பிள்ளைக்கு இடமில்லை என்றால், அது யாருக்கான திடல்? அந்தத் தாய்க்கு நாம் இன்னும் விடை சொல்லவில்லை.

சிந்திப்போம், செயல்படுவோம்.