தணிக்கைத் தாமதம் எங்கே தொடங்குகிறது?

நிதியாண்டு முடியும் நாளுக்கும் தணிக்கையாளர் கையொப்பமிடும் நாளுக்கும் இடைப்பட்ட காலத்தையே வணிகவியல் ஆய்வுகள் தணிக்கை அறிக்கைத் தாமதம் என அளக்கின்றன. இயக்குநர் குழுவில் எத்தனை பேர், அவர்களுள் சார்பற்றோர் எத்தனை பேர், தணிக்கைக் குழு எத்தனை முறை கூடியது என்பவற்றோடு அந்த எண்ணைப் பொருத்திப் பார்க்கின்றன. முறை எளிது. ஆனால், தாமதம் யாரிடம் நேர்ந்தது என்பதை அந்த ஒற்றை எண் மறைத்துவிடுகிறது.

2013ஆம் ஆண்டின் நிறுமங்கள் சட்டம், 134ஆம் பிரிவின்படி, இயக்குநர் குழு ஒப்புதல் அளித்த பிறகே நிதிநிலை அறிக்கைகள் தணிக்கையாளரின் அறிக்கைக்கு அனுப்பப்பட வேண்டும். எனவே, கடிகாரம் முதலில் ஓடுவது இயக்குநர் குழுவின் அறையில்தான். பைஜூஸ் விவகாரம் இதற்குச் சான்று. 2021 மார்ச்சில் முடிந்த ஆண்டின் கணக்கை அந்நிறுவனம் 2022 செப்டம்பரில்தான் வெளியிட்டது. அடுத்த ஆண்டின் தணிக்கையைத் தொடங்கவே இயலவில்லை எனக் கூறி, 2023 ஜூனில் டெலாய்ட் விலகியது. முதலீட்டாளர் சார்பிலான இயக்குநர்கள் மூவரும் அதே வேளையில் விலகினர். நிறுவனரும் அவர் குடும்பத்தாருமே குழுவில் எஞ்சினர். இதனைத் தணிக்கையின் தாமதம் என்பதைவிட ஆளுகையின் தாமதம் என்பதே பொருந்தும்.

இக்கேள்வி அந்தமானுக்கும் உரியது. 1988இல் தொடங்கப்பட்ட அந்தமான் நிக்கோபார் தீவுகள் ஒருங்கிணைந்த வளர்ச்சிக் கழகம், பால், மதுபானம், எரிபொருள் வணிகம் முதல் சுற்றுலா விடுதிகள் வரை நடத்தும் அரசு நிறுமம். ஏறத்தாழ 72,000 கோடி ரூபாய் மதிப்பீட்டில் பேசப்பட்ட கிரேட் நிக்கோபார் திட்டத்தின் முன்மொழிவாளரும் இதுவே. பங்குச் சந்தையில் பட்டியலிடப்படாததால், ஆண்டு முடிந்த 60 நாள்களுக்குள் தணிக்கை செய்யப்பட்ட முடிவுகளை வெளியிடுமாறு செபி விதிக்கும் கட்டாயம் இதற்கு இல்லை. தாமதித்தால் சரியும் பங்கு விலையும் இல்லை. லம்பா லைனில் குடியிருப்பவர் இதன் பங்கை வாங்கவும் முடியாது, அதிருப்தியுற்று விற்கவும் முடியாது. அவருக்கு உள்ள பாதுகாப்பு, உரிய காலத்தில் வெளிவரும் கணக்கு ஒன்றே.

அரசு நிறுமத்திற்குக் காலமும் குறுகியது. ஆண்டுப் பொதுக்கூட்டம் செப்டம்பர் 30க்குள் நடைபெற வேண்டும். கூட்ட அறிவிப்புக்கு 21 நாள்களும், தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் துணைத் தணிக்கைக்கு 60 நாள்களும் ஒதுக்கினால், இயக்குநர் குழுவுக்கும் சட்டமுறைத் தணிக்கையாளருக்குமாக எஞ்சுவது ஏறத்தாழ 100 நாள்கள்.

தீவுகளில் கிளைகள் சிதறிக் கிடக்கின்றன, ஆவணங்கள் வந்துசேரவே நாளாகும் என்று வாதிடலாம். அது நியாயமான வாதமே. ஆனால், அதனைச் சோதிப்பதற்கும் தாமதத்தைப் பிரித்து அளக்க வேண்டும்: ஆண்டு முடிவிலிருந்து குழுவின் ஒப்புதல் வரை, ஒப்புதலிலிருந்து தணிக்கையாளரின் அறிக்கை வரை, அறிக்கையிலிருந்து தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் கருத்துரை வரை. ஆளுகையின் தரம் பெரிதும் வெளிப்படுவது முதல் பகுதியில்தான். மூன்றையும் ஒன்றாகக் கூட்டினால், காத்திருந்தவரும் காக்கவைத்தவரும் ஒரே எண்ணுக்குள் அடங்கிவிடுவர்.

இம்மூன்று நாள்களையும் ஒவ்வோர் அரசு நிறுமமும் ஆண்டறிக்கையின் முதல் பக்கத்திலேயே அச்சிடலாம். புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. மூன்று தேதிகள் போதும். பொறுப்பு யாருடையது என்பதை மாணவரும் குடிமகனும் தாமே கணக்கிட்டுக்கொள்வர்.